சாவியை எடுத்த பிறகும் ஓடிய வண்டி

வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, சக்கரம் அசையவில்லை. ஆனால் இஞ்சின் கதறியது. என் வீட்டுக்காரர் சாவியைத் திருகிப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் குதித்துவிட்டார். அப்படியும் கதறியது. அறுபடுகிற பன்றியின் சத்தம் மேலே மேலே ஏறுமே, அந்த மாதிரி. பின்குழாயிலிருந்து வெள்ளைப் புகை கொட்டி, மூணாறு மார்க்கெட்டுக்கு மேலே போகிற ஏற்றத்தையே மூடிவிட்டது. முன்சீட்டில் என் காலுக்கடியில் தகரம் நடுங்கியது. மடியில் இருந்த பூசைக்கூடை துள்ளியது. "முருகா" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சாவி இல்லாமல் ஒரு வண்டி ஓடும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது. தன் வயிற்றில் இருக்கிற எண்ணெயையே உறிஞ்சி எரித்துக்கொண்டு, தானே உடைந்து போகிறவரைக்கும் ஓடும். ஆனால் அந்தப் புகைக்குள் நான் பயந்தது இஞ்சினை நினைத்து அல்ல. என் வீட்டுக்காரருக்கும் அவருடைய தம்பிக்கும் நடுவில் அடுத்து என்ன நடக்கும் என்பதை நினைத்துத்தான். அது புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் முன்னால் இருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டம் பாலக்காட்டு எல்லையில், வடகரப்பதிப் பக்கம். தென்னை, தக்காளி, சின்ன வெங்காயம். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வாய் கோயமுத்தூர்த் தமிழ் பேசும். நான் எட்டாவதோடு நின்றவள். என் வீட்டுக்காரர் நல்ல உழைப்பாளி. குடி கிடையாது, பீடி கிடையாது, நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டார். அவருக்கு ஒரே ஒரு வியாதி, கை. வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். மோட்டார் எடுக்கவில்லையென்றால் ஸ்டார்ட்டர் பெட்டியைக் கல்லால் அடிப்பார். பால் விடாத மாட்டை அடித்து, கம்பு ஒடிந்த பிறகு முஷ்டியால் குத்தி, விரல் முறிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர். என் மேலும் பட்டிருக்கிறது. அதை இங்கே விரிக்கவில்லை.

கொழுந்தனார் எங்களோடுதான் இருக்கிறார். பெண் பார்த்துப் பார்த்துப் பார்க்கிற எங்களுக்கே சலித்துவிட்டது. ஒரு நாள் தண்ணீர் திருப்புகிற தகராறில் என் வீட்டுக்காரர் மண்வெட்டிக் காம்பால் அவர் தலையில் போட்டார். அடி காதில் இறங்கியது. வாய்க்காலில் விழுந்தவரைத் தூக்கியபோது காதிலிருந்து வழிந்த ரத்தம் என் சேலையை நனைத்து, சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. பாலக்காடு ஆஸ்பத்திரியில் உயிருக்குப் பயமில்லை என்றார்கள். இடது காது போய்விட்டது. வீட்டுக்கு வந்த அன்று சாயந்தரம், நான் கஞ்சி கொண்டு போனபோது, ரொம்ப நிதானமாகச் சொன்னார்.

"அண்ணி, இன்னொருக்கா அந்தக் கை எம்மேல பட்டுச்சுன்னா அண்ணன்னு பாக்க மாட்டனுங்க. காய் வெட்டற அருவா வண்டிலதான் கெடக்குது."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். நிதானமாகச் சொன்னதால் வரவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. பேச்சு நின்றாலும் வேலை நிற்காது. ஒரே வீட்டுச் சோறு, ஒரே காடு, ஒரே பிக்கப் வண்டி. நடுவில் நான். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

"அவனுக்குச் சோறு போதுமானு கேளு."

"போதும்னு சொல்லுங்க அண்ணி."

"காலைல தக்காளிக்கு மருந்தடிக்கோணும்னு சொல்லு."

"கேட்டுச்சுன்னு சொல்லுங்க. இன்னொரு காது இருக்குதுல்ல."

அந்தப் பேச்சுக்கு என் வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். ரசம் சாமி படத்தின் மேல் வழிந்தது. நான் துடைத்துக்கொண்டே வேண்டிக்கொண்டேன். அப்பனே, இவர்கள் பேசவே வேண்டாம், ஆனால் இன்னொரு அடி விழக் கூடாது. அப்படி விழாமல் காப்பாற்று; கிருத்திகைக்குக் கிருத்திகை பட்டினி இருந்து, எங்கள் காட்டுத் தேங்காய் எண்ணெயில் உனக்கு விளக்குப் போடுகிறேன். மூணாறுக்கு வெங்காய லோடு போகிற வழக்கம் எங்களுக்கு உண்டு. அதனால் விளக்கை அந்த மலைமேல் இருக்கிற முருகனுக்கே நேர்ந்துகொண்டேன். கிருத்திகையை ஒட்டி லோடு போகும்போது மூன்று பேரும் போவோம். வண்டியில் நான்தான் நடுவில்.

இனி எண்ணெய் வந்த கதை.

கோயமுத்தூர் மார்க்கெட் வாசலில் ஒருவன் மேசை போட்டு, மேசைமேல் இரும்புச் சக்கரம் ஒன்றைச் சுற்றவிட்டு, அதன்மேல் இன்னொரு இரும்புத் துண்டை நெம்புகோலால் அழுத்திக் காட்டினானாம். சாதா எண்ணெயில் சக்கரம் கிறீச்சென்று அலறி நின்றுவிட்டதாம். அவனுடைய கறுப்பு எண்ணெயில் ஒரு மூடி ஊற்றியதும் எவ்வளவு அழுத்தியும் சத்தமே இல்லையாம். கொழுந்தனார் ஒரு புட்டி வாங்கி வந்தார். அடுப்படி வாசலில் நின்று எனக்குப் பாடம் எடுத்தார்.

"இதுக்குள்ள தூளு இருக்குதுங்க அண்ணி. ஒரு மசுரப் பொளந்து, பொளந்ததப் பொளந்து, அப்படியே போய்ட்டே இருந்தா கடைசில என்ன மிஞ்சுமோ அவ்வளவு சிறுசு. நானோன்னு பேரு."

"கண்ணுக்கே தெரியாதத எப்படிங்க தம்பி நம்பறது?"

"நீங்க முருகனப் பாத்துட்டுத்தான் நம்பறீங்களா?"

"வாயக் கழுவுங்க மொதல்ல."

சிரித்தார். இரண்டு கரண்டி கேட்டார். ஒன்றில் வண்டிக்கு ஊற்றுகிற சாதா எண்ணெய், ஒன்றில் அந்தக் கறுப்பு. இரண்டையும் சாய்த்தார். சாதா எண்ணெய் ஒழுகி முடிந்த பிறகும் கறுப்பு இழுத்துக்கொண்டே இருந்தது. எனக்கு அது பழகின காட்சி. விளக்கின் அடியில் திரிக்கரி ஊறித் தங்குகிற எண்ணெய் அப்படித்தான் இருக்கும். மார்கழியில் அதைச் சாய்த்தால் விழவே விழாது, விரல் விட்டு வழிக்க வேண்டும்.

"அடி எண்ணெயாட்டம் இருக்குதுங்க" என்றேன்.

"அது கரிங்க அண்ணி. இது நானோ."

"கரிக்கு இங்கிலீசுல பேரு வெச்சா நானோவா?"

புட்டியில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து, நன்றாகக் குலுக்கி, ஒரே ஒரு புட்டியைத்தான் இஞ்சினுக்குள் விட்டார். அளவு விஷயத்தில் அவர் எங்கள் ஊரிலேயே அதிசயமான ஆள். எங்கள் பக்கம் மருந்துக்கடைக்காரர் தக்காளிக்கு ஒரு மூடி என்றால் காட்டில் இரண்டு மூடி விழும். "அவன் பயந்துட்டுச் சொல்றான், நம்ம காட்டுப் புழு எச்சான புழு, ஒரு மூடிக்குச் சாவாது" என்பது என் வீட்டுக்காரருடைய கணக்கு.

இரவு சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம், "தம்பி வண்டிக்கு ஒரு எண்ணெய்…" என்று ஆரம்பித்தேன்.

"அவம் பேச்ச எடுக்காத" என்று சோற்றில் கையை உதறினார். நான் ரசத்தை எடுக்க எழுந்துவிட்டேன்.

எங்கள் பெரியவள் பாலக்காட்டில் பாலிடெக்னிக் படிக்கிறாள். அவள் பிற்பாடு எனக்கு விளங்கச் சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெய் ஓடும்போது ஒரு படலம் இன்னொரு படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. வழுக்கவிடாமல் அது காட்டுகிற பிடிவாதத்துக்குப் பேர் பாகுத்தன்மை. சூட்டில் பிடிவாதம் குறையும், குளிரில் ஏறும். நுண்தூள் அளவாகக் கலந்தால் அது இரும்பின் கீறல்களில் போய் உட்கார்ந்து தேய்மானத்தைக் குறைக்கும். எண்ணெயின் ஓட்டம் பெரிதாக மாறாது. அளவு மீறினால் ஒரு தூள் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும், அது இன்னொன்றைப் பிடிக்கும். முடிச்சு முடிச்சாக எண்ணெய் கூழாகிவிடும். எந்தத் தூள், எந்த எண்ணெய், எவ்வளவு என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும் என்றாள். "அது தக்காளி மருந்து இல்லம்மா" என்றும் சொன்னாள். எனக்கு அந்த ஒரு வரி போதுமாயிருந்தது.

அந்த மாதக் கிருத்திகைக்கு முதல் நாள் வெங்காயம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். உடுமலை தாண்டிச் சின்னாறு செக்போஸ்டில் நின்றபோது பூசைக்கூடையில் இருந்த தேங்காய் எண்ணெய் தெளிவாக ஆடியது. மறையூர் வந்தபோது அடியில் வெள்ளை இறங்கியிருந்தது. மூணாறில் புட்டியைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராது, சுண்ணாம்புக்கட்டி மாதிரி உறைந்துவிட்டது. லோடு இறக்கிவிட்டு மண்டிக்காரருடைய சரக்குக் கிட்டங்கியில் படுத்தோம். வண்டி வெளியில் பனியில் நின்றது.

காலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது. பட்டினி வயிற்றோடு நான் ஏறி உட்கார்ந்தேன். வண்டி எடுக்கச் சிரமப்பட்டது, முக்கியது, முனகியது. என் வீட்டுக்காரருக்கு மூக்கு விடைத்தது. ஆக்சிலேட்டரைப் பாம்பை மிதிக்கிற மாதிரி மிதித்தார்.

"சூடு ஏறாம இப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க அண்ணி."

"வண்டி ஓட்டறது நானா அவனான்னு கேளு."

நான் இரண்டையும் சொல்லவில்லை. அவர் இன்னும் பலமாக மிதித்தார். கோயிலுக்குப் போகிற ஏற்றத்தில் முன்னால் ஒரு ஜீப் நின்றதால் நியூட்ரலில் போட்டு, கைப் பிரேக்கை இழுத்து நிறுத்தினார். காலை எடுத்துவிட்டார். இஞ்சின் சத்தம் இறங்கவில்லை. ஏறியது.

அப்போதுதான் அந்தக் கதறல்.

கொழுந்தனார் கதவைத் திறந்து முன்பக்கம் ஓடிக்கொண்டே கத்தினார். "அண்ணி! மேல் கியர்ல போட்டு, பிரேக்க அமுத்திட்டுக் கிளச்ச உடச் சொல்லுங்க! அடங்கிரும்!"

அவருடைய அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில், சாவியோடு நிற்கிறார்.

"ஏனுங்க! மேல் கியர்ல போடச் சொல்றாருங்க!"

"எதுக்குன்னு கேளு!"

"எதுக்குன்னு கேக்கறாருங்க தம்பி!"

"எதுக்கா? வெடிச்சு நாம சாகறதுக்குள்ளன்னு சொல்லுங்க!"

"வெடிக்குமாமுங்க!"

"எவன் சொன்னான்!"

இதைச் சொன்னால் இன்றைக்குச் சிரிக்கிறார்கள். அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் சத்தம் இன்னொரு படி ஏறியது. முன்பக்கத்திலிருந்து என்னமோ உடைந்து தெறித்துக் கண்ணாடியில் அடித்தது. கண்ணாடி சிலந்தி வலையாக விரிந்தது. நான் கீழே குதித்து முன்பக்கம் ஓடினேன். கொழுந்தனார் பானட்டைத் தூக்கினார். கொதிக்கிற எண்ணெய் பீச்சி அவர் கழுத்தில் அடித்தது, அவர் நகரவில்லை. இஞ்சினுக்குள் காற்றுப் போகிற குழாயை இரண்டு கையாலும் பிய்த்து எடுத்தார். தலையில் கட்டியிருந்த துண்டை மடித்து அந்த வாயில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

காற்று கிடைக்காத இஞ்சின் அவர் கையை இழுத்தது. மணிக்கட்டு வரைக்கும் விழுங்கிவிடும் போல இழுத்தது. அவர் வாய் திறந்திருந்தது, அவரும் கத்தினார், எது இஞ்சின் எது அவர் என்று தெரியவில்லை. வண்டி இரண்டு முறை இடித்துக் குலுங்கியது. டப் டப்பென்று உள்ளே எதுவோ மோதியது. செத்தது.

ரொம்ப அமைதி. எண்ணெய் சொட்டுகிற சத்தம் மட்டும்.

கொழுந்தனார் கையைப் பிடுங்கினார். துண்டோடு உள்ளங்கைத் தோலும் வட்டமாக வந்துவிட்டது. ரத்தம் விரல் நுனிகளிலிருந்து தனித்தனியாக ஒழுகியது.

என் வீட்டுக்காரர் புகையைத் தாண்டி முன்பக்கம் வந்தார். அவர் பார்த்தது இதுதான்: பானட் திறந்திருக்கிறது, குழாய் பிய்ந்து தம்பியின் காலடியில் கிடக்கிறது, வண்டி செத்துப்போயிருக்கிறது.

"பாரு புள்ள! வண்டியோட கொடல உருவிப் போட்டாம் பாரு!"

அப்போதும் என்னிடம்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே வீல் ஸ்பேனரை எடுத்துத் தம்பியின் முதுகில் இறக்கினார். ஈர மூட்டை விழுகிற சத்தம். கொழுந்தனார் ரேடியேட்டர் மேல் சாய்ந்து, நிமிர்ந்து, திரும்பினார். அந்த முகத்தை நான் பார்த்தேன். இதற்குத்தான் இத்தனை கிருத்திகை பட்டினி கிடந்தேனா என்று தோன்றியது.

நான் அவர்களுக்கு நடுவில் போகவில்லை. வண்டிக்குத் திரும்பி ஓடி, சீட்டுக்குப் பின்னால் கையை விட்டேன். அருவாள் கோணிக்குள் சுற்றியிருந்தது. கோணியோடு எடுத்து, ரோட்டோரம் ஓடி, கீழே தேயிலைச் சரிவில் என் பலமெல்லாம் கூட்டி எறிந்தேன். திரும்பினால் கொழுந்தனார் சீட்டுக்குப் பின்னால் துழாவிக்கொண்டிருக்கிறார். ரத்தக் கை பட்ட இடமெல்லாம் சிவப்பு.

"அண்ணி, குடுங்க."

"எங்கிட்ட இல்லீங்க தம்பி."

என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். ஜாக்கி லிவரை உருவிக்கொண்டு போனார்.

அடித்துக்கொண்டார்கள். அதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியாது. லிவர் என் வீட்டுக்காரர் புருவத்தைப் பிளந்தது. அவர் தம்பியின் கழுத்தில் எண்ணெய் பட்டு வெந்த இடத்தையே பார்த்துப் பிடித்து நெரித்தார். தம்பி அவர் தோளைக் கடித்தார். சறுக்கலில் கட்டிப்பிடித்து உருண்டார்கள். சிந்திய கறுப்பு எண்ணெய் இரண்டு பேர் உடம்பிலும் பூசிக்கொண்டு, யார் கை யார் கால் என்று தெரியாமல் போனது. அடிக்கும்போதும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயம். மூச்சும் அடியும் மட்டும்தான்.

ஸ்டாண்டிலிருந்து ஜீப்காரர்கள் ஓடிவந்தார்கள்.

"ஏலே, பிடில அவர! மண்ட ஒடஞ்சிரும்ல!"

"அண்ணாச்சி, விடுங்க! யாரும்மா இவுக ரெண்டு பேரும்?"

"அண்ணந் தம்பிங்க" என்றேன்.

"அண்ணன் தம்பியா? அப்பச் சரி. வேற யாரு இப்பிடி மனசு வச்சு அடிப்பா?"

ஆளுக்கு நாலு பேர் பிடித்துப் பிரித்தார்கள். ஒரு ஜீப் எங்கள் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துப்போய் ஒரு வொர்க்ஷாப்பில் விட்டது. பக்கத்துக் கிளினிக்கில் ஒருவருக்குப் புருவத்தில் தையல், ஒருவருக்குக் கையில் கட்டு. இரண்டு பேரும் திரும்பி வந்து வண்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், பழைய டயர்மேல் உட்கார்ந்தார்கள். ஜீப்காரர்களில் பாதிப் பேர் போகவே இல்லை. சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

மெக்கானிக் ஒல்லியான மனிதர். எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவராம். டர்போ என்கிற சின்னக் காற்றாடிக்குப் போன எண்ணெய் திரும்பி இறங்குகிற குழாயைக் கழற்றி, கீழே தட்டை வைத்துக் கவிழ்த்தார். ஒன்றும் ஒழுகவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். பற்பசை மாதிரி ஒரு கறுப்புப் பசை நீளமாக வந்து தட்டில் சுருண்டது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"என்னத்தண்ணே ஊத்துனீக? இது எண்ணெயா, கண்மையா?"

பசையைத் துணியில் துடைத்துவிட்டு மேலே சொன்னார்.

"குளுருல இது எறங்கலண்ணே. மேல போற எண்ணெய் அழுத்தத்துல போயிரும், கீழ வாறது தானா வழியணும். வழிய முடியாம நின்னு, ஆயில் சீலப் பிச்சுக்கிட்டு காத்துக் கொழாய்க்குள்ள பாஞ்சிருக்கு. அதக் குடிச்சுத்தான் ஓடிருக்கு. எனக்குப் பட்டது அம்புட்டுத்தான். கொழாய அடச்ச ஆளு யாரோ, அவரு கைய வைக்கலன்னா உள்ள இருக்க இரும்பு ராடு ஒடஞ்சு வெளிய வந்திருக்கும். பக்கத்துல நின்னவுக யாரும் இப்ப உக்காந்திருக்க மாட்டீக."

என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கித் தம்பியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"ஊத்துனது யாருண்ணே?" என்றார் மெக்கானிக் மறுபடியும்.

"அண்ணி, நாந்தான்னு சொல்லுங்க" என்றார் கொழுந்தனார். குரல் கம்மியிருந்தது, கழுத்தில் அண்ணன் விரல் பதிந்து சிவந்திருந்தது. "நானோ. ஒரு புட்டி."

என் வீட்டுக்காரர் எழுந்தார். பக்கத்து மேசையில் ஒரு பெரிய ஸ்பேனர் கிடந்தது, எடுத்தார். ஜீப்காரர்கள் அசைவதற்குள் வண்டியைச் சுற்றி வந்துவிட்டார். கொழுந்தனார் எழவில்லை. கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். தன் கட்டில்லாத கையை மெதுவாக டயருக்குள் விட்டு அங்கே கிடந்த ஒரு இரும்பைப் பிடித்துக்கொண்டதை நான் மட்டும் பார்த்தேன். இந்தத் தடவை ஒருவர் போய்விடுவார். முருகா, முருகா, முருகா.

"ஒரு புட்டிக்கு இம்புட்டு வராதே" என்றார் மெக்கானிக், தட்டையே பார்த்துக்கொண்டு. அவர் தலையைத் தூக்கவே இல்லை. "ரெண்டு மூணு ஊத்தாம இது இந்தப் பதத்துக்கு வராது."

ஸ்பேனர் தலைக்கு மேலே நின்றது.

அந்தக் கை ஓங்கி இறங்காமல் நின்றதை என் ஆயுசில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போய், தையல் போட்ட புருவத்திலிருந்து ஒரு கோடு ரத்தம் இறங்கிக் கண்ணில் விழுந்தது. துடைக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"புள்ள, அவங்கிட்டச் சொல்லு. நானும் அந்த மார்க்கெட் வாசல்ல வாங்குனேன். போன வாரம் ஊத்துனேன். ரெண்டு."

அவர் வாங்கியது எனக்குத் தெரியாது. தம்பி வாங்கியது அவருக்குத் தெரியாது. ஒரே மேசையில், ஒரே சக்கரத்தைப் பார்த்து, வெவ்வேறு நாளில் வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியிருந்தபடி ஊற்றியிருக்கிறார். இன்னொருவர் தக்காளிக் கணக்கில் ஊற்றியிருக்கிறார். பேச்சிருந்திருந்தால் ஒரு வார்த்தையில் தெரிந்திருக்கும்.

எனக்குத் திடீரென்று அலுத்துவிட்டது. பட்டினி வயிறு, இரண்டு பேருடைய ரத்தமும் என் முந்தானையில்.

"நான் சொல்ல மாட்டனுங்க" என்றேன். "அவரு அங்கதான் உக்காந்திருக்காரு. நீங்களே சொல்லுங்க. இதுக்கு இனி என்ற வாயி கெடையாது."

அவர் நின்றார். ஸ்பேனரை இறக்கினார், ஆனால் விடவில்லை.

"நானும் ரெண்டு ஊத்துனன்டா" என்றார்.

மண்வெட்டிக் காம்புக்குப் பிறகு தம்பியிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

கொழுந்தனார் எழுந்தார். டயருக்குள் இருந்த இரும்பு அவர் கையில் இருந்தது. அதைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். இரும்பைக் கீழே போட்டார். போட்ட அதே கையை வீசி அண்ணன் கன்னத்தில் ஒரே அறை. வொர்க்ஷாப் தகரக் கூரை அதிர்ந்த மாதிரி எனக்கு இருந்தது. என் வீட்டுக்காரர் தலை ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. ஸ்பேனர் அவர் கையில்தான் இருக்கிறது. எல்லாருடைய கண்ணும் அதன்மேல்.

அவர் அதை மேசைமேல், எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"எழுதிருக்கறதப் படிக்கறதில்லயா?" என்றார் தம்பி. மூச்சு வாங்கியது.

"உட்ரா" என்றார் அண்ணன்.

ஒரு ஜீப்காரர், "அம்புட்டுத்தானா?" என்று கேட்டார். இன்னொருவர் அவர் முதுகில் தட்டி வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

வண்டி வொர்க்ஷாப்பிலேயே கிடந்தது. டர்போ போய்விட்டது, மற்றதைக் கழுவித்தான் பார்க்க வேண்டும் என்றார் மெக்கானிக். வெயில் சாய்வதற்குள் நாங்கள் மூன்று பேரும் கோயிலுக்கு நடந்தோம். வழியில், காலையில் உருண்ட இடத்தில் கறுப்பு எண்ணெய் இன்னும் காயாமல் பரவியிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோம். கொழுந்தனார் என் பக்கம் சாய்ந்து, "அருவாள என்ன பண்ணீங்க அண்ணி?" என்றார்.

"தேயிலைக்குள்ள கெடக்குது. வேணும்னா போய்த் தேடுங்க."

"அட்டை கடிக்கும். கெடக்கட்டும் போங்க."

அடி விழக் கூடாது என்றுதான் வேண்டியிருந்தேன். அன்றைக்கு விழுந்த அடிக்குக் கணக்கே இல்லை. நேர்த்தி பலித்ததா இல்லையா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் கையோடு வந்த எண்ணெயை ஏற்றாமல் போக மனம் வரவில்லை. அகலைத் துடைத்து, திரி போட்டு, புட்டியைக் கவிழ்த்தேன். கல்லாக உறைந்திருந்தது, வரவில்லை. குச்சியால் குத்தப் போனேன்.

என் வீட்டுக்காரர் கையை நீட்டிப் புட்டியை வாங்கினார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினார். விரல் கணுவெல்லாம் தோல் கிழிந்திருந்தது. ஊதினார், உருட்டினார். உள்ளே வெள்ளை அசையவில்லை. தம்பி பக்கத்துப் படியில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படி ஆவாதுங்ணா" என்றார். "கக்கத்துல வைங்க."

என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றிப் புட்டியைக் கக்கத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். குளிரில் உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பூசாரி மணியை எடுத்து வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். நான் அகலைப் பிடித்துக்கொண்டு நீட்டினேன். புட்டியைச் சாய்த்தபோது முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு சொட்டு கழுத்தில் வந்து நின்று யோசித்தது. அப்புறம் விழுந்தது.